தனுஷ்கோடி: வருகிறவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்

என் வீடு தங்கச்சிமடத்தில். பாம்பனைத் தாண்டி ராமேஸ்வரம் போகிற வழியில் வரும் ஊர். என் அம்மா பிறந்தது, 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில். இதை மட்டும் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் அடுத்த அரை மணி நேரத்துக்குக் கேள்விதான். அதே கேள்விகள், ஏறக்குறைய அதே வரிசையில். இத்தனை ஆண்டுகள் வாயால் சொல்லிவந்ததை ஒருமுறை எழுதிவைத்தால் என் தொண்டைக்கும் ஓய்வு கிடைக்கும். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன்.

தனுஷ்கோடி சரியாக எங்கே இருக்கிறது?

பாம்பன் தீவின் தென்கிழக்கில். ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மணல் ஒரு நாக்கைப் போல மெலிந்துகொண்டே கடலுக்குள் நீளும். அந்த நாக்கின் நுனிக்கு அரிச்சல்முனை என்று பெயர். அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் 30 கிலோமீட்டர் அளவில்தான்.

வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பக்கத்தில் வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல் குளம் மாதிரி கிடக்கும். ஆண்கடல் எப்போதும் இரைந்துகொண்டிருக்கும். வாடைக்காற்று பிடித்துவிட்டால் பெண்கடலும் சாமியாடும் என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஊர் என்று சொல்லும் அளவுக்கு அங்கே என்னதான் இருந்தது?

எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வி இது. முதலில் கேட்டிருக்க வேண்டும். புயல் அடித்தது ஒரு இரவு. ஊர் இருந்தது 50 ஆண்டு.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. மார்ச் முதல் தேதி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பு சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்ததும் அந்தப் போக்குவரத்து எங்கள் தீவுப் பக்கம் திரும்பியது. இன்றைக்கு நம்பச் சிரமமாக இருக்கும் ஒரு செய்தி சொல்கிறேன்: அப்போது பிரதான ரயில் பாதை பாம்பனிலிருந்து நேரே தனுஷ்கோடிக்குத்தான் போனது. ராமேஸ்வரத்துக்குப் போனது கிளைப்பாதை. சாமி கும்பிட வந்தவர்கள் பாம்பன் ஜங்ஷனில் வண்டி மாறிக் கோயிலுக்குப் போனார்கள்.

ரயில் நிலையம், கப்பல் அருகிலேயே ரயில் போய் நிற்க ஒரு துறைமுக நிலையம், ரயில்வே ஊழியர் குடியிருப்பு, சிறிய ரயில்வே மருத்துவமனை, சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில் எல்லாம் இருந்தன. சேதுவில் நீராட வந்த வடநாட்டு யாத்ரீகர்கள், அவர்களுக்குச் சங்கல்பம் செய்துவைக்கும் குருக்கள், சுமை தூக்குகிறவர்கள், கரைவலை இழுக்கிறவர்கள், கப்பலுக்குக் காத்திருப்பவர்களுக்குத் தேநீரும் பலகாரமும் விற்றவர்கள் என்று நாள் முழுவதும் நடமாட்டம். காசிக்குப் போய்வந்தவர் சேதுவில் நீராடினால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு என்பதால் கங்கைக்கரைக்காரர்களும் இந்த மணலில் கால் வைத்திருக்கிறார்கள்.

என் அம்மாச்சி அங்கே கருவாடு காயப்போட்டு விற்றவர். தாத்தா துறையில் சுமை தூக்கினார். பிற்பகலில் கப்பல் புறப்படும். அந்தக் கூவலை வைத்துத்தான் அம்மாச்சியின் நாள் நடந்திருக்கிறது. அவர் தங்கச்சிமடத்துக்கு வந்து 30 ஆண்டுக்கு மேல் ஆன பிறகும், பிற்பகல் மூன்று மணி என்று ஒருநாளும் சொன்னதில்லை. "கப்பல் நேரமாச்சு, கருவாட்டைத் திருப்பிப் போடு" என்பார். பள்ளிக்கூடம் போகும்வரை எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போட் மெயில் என்கிறார்களே, ரயில் கடல்மேல் போனதா?

இல்லை. சென்னை எழும்பூரில் ஏறுகிறீர்கள். மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி துறைமுக நிலையத்தில் இறங்கி, நடந்துபோய்க் கப்பலில் ஏறுகிறீர்கள். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு இலங்கை ரயில் காத்திருக்கும். மூன்றுக்கும் சேர்த்து எழும்பூரிலேயே ஒரே டிக்கெட் வாங்கிவிடலாம். கப்பல்களில் இர்வின், கோஷன் என்ற இரண்டு பெயர்கள் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும். ஒன்று வைஸ்ராய் பெயர், இன்னொன்று சென்னை மாகாண கவர்னர் பெயர். எங்கள் அம்மாச்சிக்கு இரண்டும் மாட்டுப் பெயர் மாதிரி. "இர்வின் சாது, கோஷன்தான் முரடு" என்பார். எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

கடலுக்குக் குறுக்கே பாலம் கட்டி ரயிலையே இலங்கைக்குக் கொண்டுபோகும் யோசனையும் வெள்ளைக்காரர்களிடம் இருந்தது, காகிதத்தோடு நின்றுவிட்டது. சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வரும் ஒரு ரயிலை இன்றும் போட் மெயில் என்றுதான் சொல்கிறோம். போட் நின்று 40 ஆண்டாகிறது, பெயர் மட்டும் ஓடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுற்றுலாப் பயணியாகக் கடந்தவர்களின் கதைதான் எழுத்தில் அதிகம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களுக்கு இந்த வழி வேறு மாதிரி இருந்தது. அவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, நாட்கணக்கில் காத்திருக்க வைத்துத்தான் அனுப்பினார்கள். பிற்காலத்தில் போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்ததும் அதே மண்டபம் முகாமில்தான்.

1964 டிசம்பர் 22 இரவு என்ன நடந்தது?

டிசம்பர் 17 வாக்கில் அந்தமான் கடலின் தெற்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில், ஏறக்குறைய 5 பாகை வடக்கில், புயல் பிறப்பது அரிது. 19ஆம் தேதி அது கடும் புயலானது. 21 முதல் கோடு போட்டது போல மேற்கே நகர்ந்தது, ஒரு நாளைக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வரை. 22ஆம் தேதி இலங்கையில் வவுனியா பக்கம் புகுந்து, அன்றிரவே பாக் நீரிணைக்கு வந்துவிட்டது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை. மார்கழி. பௌர்ணமி கழிந்து மூன்று நாள். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. அம்மாச்சி தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாகத் தங்கச்சிமடம் வந்திருந்தார். குழந்தைகளையும் கூட்டி வந்திருந்தார். அதனால்தான் அம்மா இருக்கிறார், நானும் இருக்கிறேன். தாத்தா துறையில் வேலை இருக்கிறது என்று தங்கிவிட்டார்.

அது சுனாமியா?

இல்லை. பலரும் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வருவது. தனுஷ்கோடியில் ஏறியது புயல் தள்ளிய கடல். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் கடல்மட்டம் அங்கே கொஞ்சம் மேலெழும். அதைவிடப் பெரிய வேலையைக் காற்று செய்கிறது. தண்ணீரை ஒரே திசையில் மணிக்கணக்காகத் தள்ளிக்கொண்டே வருகிறது. ஆழ்கடலாக இருந்தால் தள்ளிய தண்ணீர் அடியில் இறங்கித் திரும்பிவிடும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். தண்ணீர் போக இடமில்லாமல் குவிந்து கரையேறுகிறது. அன்று ஏறிய நீரின் உயரம் 7 மீட்டர், அதாவது 20 அடிக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் சில அடி உயரமுள்ள மணல். ஏறி நிற்க ஒரு மேடு கூட அந்த ஊரில் கிடையாது.

எச்சரிக்கை வரவில்லையா?

இன்றைய கண்ணோடு அன்றைப் பார்க்கக்கூடாது. இப்போது பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் எல்லாத் தொலைபேசிக்கும் படம் வந்துவிடுகிறது. அன்று கடலில் போகும் கப்பல்கள் அனுப்பும் தகவலும் கரையோர வானிலை நிலையங்களும்தான் கண்ணும் காதும். புயலைக் கண்டறியும் முதல் ராடார் இந்தியக் கரையில், விசாகப்பட்டினத்தில், வைக்கப்பட்டதே 1970இல்தான். தந்திக் கம்பி அறுந்தால் தனுஷ்கோடி உலகத்தோடு பேச வேறு வழியில்லை. கம்பி அறுந்தது.

மழையும் காற்றும் மார்கழியில் இங்கே புதிதும் அல்ல. வாடைக்காலத்தில் நான்கு நாள் கடலுக்குப் போகாமல் வலையைத் தைத்துக்கொண்டு வீட்டில் கிடப்பது வழக்கம்தான். அன்றும் அப்படித்தான் கிடந்திருப்பார்கள்.

ரயில் மூழ்கியது உண்மையா?

உண்மை. 653 எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்டது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்பது அதிகாரக் கணக்கு. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் விளக்கு எரியவில்லை. வண்டி நின்று, பிறகு மெல்ல முன்னேறியிருக்கிறது. அப்போதுதான் அலை எடுத்தது. வண்டியில் இருந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண் 115ஐத் தாண்டும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். பாம்பனிலிருந்து ஊருக்குப் போக அந்த வண்டியை விட்டால் வேறு கதி இல்லாத காலம். டிக்கெட் வாங்காதவர்கள் இருந்திருப்பார்கள் என்பதை நம்ப எனக்குச் சிரமமில்லை.

வண்டி எழுப்பிய கடைசிக் கூவல் இன்னும் டிசம்பர் இரவில் கேட்கிறது என்று ஒரு கதை சுற்றுகிறது. நான் அந்த மணலில் டிசம்பர் இரவு தங்கியிருக்கிறேன். கேட்டது ஆண்கடலின் இரைச்சல்.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

இந்தப் புயலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எண் 1,800. இதற்கு மேல் நான் எதுவும் கூட்டவோ கழிக்கவோ மாட்டேன். ஒன்று மட்டும் சொல்ல முடியும். ரயிலில் இறந்தவர்களை எண்ண டிக்கெட் இருந்தது. வேலையில் இருந்தவர்களை எண்ண அலுவலகப் பதிவேடு இருந்தது. கரைவலைக்காரர்களுக்கும் சுமை தூக்குகிறவர்களுக்கும் அப்படி ஒரு காகிதம் கிடையாது. தாத்தாவின் உடல் கிடைக்கவில்லை. அவர் பெயர் இருக்கிற ஒரு பட்டியலையும் எங்கள் வீட்டில் யாரும் இதுவரை பார்த்ததில்லை. அம்மாச்சி இரண்டு ஆண்டு தாலியைக் கழற்றவில்லை. மூன்றாம் ஆண்டு பங்குச்சாமியாரிடம் போய்ப் பூசைக்குப் பணம் கட்டினார். எங்கள் வீட்டுக் கணக்கில் தாத்தா இறந்தது 1967.

ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அன்று அங்கே இருந்தார்களாமே?

ராமேஸ்வரத்துக்கு வந்திருந்தார்கள், உயிர் தப்பினார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் தனுஷ்கோடியில் அன்று இருந்தவர்களில் பெயர் தெரிந்து கேட்பது இந்த இருவரைத்தான். அவர்களோ தனுஷ்கோடிக்காரர்கள் அல்லர்.

ராமேஸ்வரம் கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லையா?

நூற்றுக்கணக்கானவர்கள் கோயிலுக்குள் ஒதுங்கியிருந்தார்கள், கடல் கோயில் வாசலுக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது என்பார்கள். ராமநாதசுவாமியின் அருள் என்பவர் உண்டு, கோயில் இருப்பது மேடு என்பவரும் உண்டு. இருவரும் ஒரே கடையில் தேநீர் குடிக்கிறவர்கள். தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் இருக்கும் கோதண்டராமர் கோயிலும் அந்தப் புயலைத் தாங்கி நின்றது. விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம் நடந்த இடம் என்பது அதன் புராணம்.

பாம்பன் பாலம் எப்படித் தப்பியது?

தப்பவில்லை. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான 145 கர்டர்களில் 126ஐக் கடல் கொண்டுபோனது. கப்பலுக்கு வழிவிட மேலே திறக்கும் தூக்குப்பாலப் பகுதி மட்டும் நின்றது. சீரமைக்க ஆறு மாதம் என்று முதலில் திட்டமிட்டார்கள், பிறகு மூன்று மாதமாகக் குறைத்தார்கள். ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் முடிந்தது. பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர் என்று நாடு அறிந்த அதே ஸ்ரீதரன்தான்.

அதில் எங்கள் பங்கும் இருக்கிறது. மூழ்கிய கர்டர்கள் கடலடியில் எங்கே கிடக்கின்றன என்று இந்தப் பகுதி மீனவர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள். புதிதாக வார்க்காமல் பழையவற்றையே தூக்கிப் பொருத்தியதால்தான் நாள் அவ்வளவு குறைந்தது. வலை எங்கே சிக்கும் என்று தெரிந்தவனுக்கு இரும்பு எங்கே கிடக்கிறது என்பதும் தெரியும்.

அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழைய தூக்குப்பாலம் இரு கைகளையும் விரித்தது போல் பிளந்து திறக்கும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே மின்தூக்கி மாதிரி செங்குத்தாக மேலே போகிறது.

பாலத்தை 46 நாளில் கட்டியவர்கள் ஊரை ஏன் கட்டவில்லை?

மனிதர் குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறியது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் 1980களில் இலங்கையில் போர் மூளும்வரை ஓடியது. கப்பல் இல்லாத தனுஷ்கோடிக்கு ரயில் எதற்கு, ரயில் இல்லாத ஊருக்கு அலுவலகம் எதற்கு? அன்று எடுத்த முடிவில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மணலில் மறுபடி பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டிக் குழந்தைகளை உட்காரவைப்பது பொறுப்பான செயலாக இருந்திருக்காது. ஆனால் ஊரை மூடியவர்கள் ஊராரிடம் இருந்த பத்திரம், கடன், முகவரி இவற்றுக்கெல்லாம் என்ன வழி என்று யோசித்ததாக எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அம்மாச்சிக்குக் கொழும்பில் கருவாடு வாங்குகிறவர் தர வேண்டிய பாக்கி நிலுவையில் இருந்தது. தனுஷ்கோடி தபால் நிலையத்துக்கு வர வேண்டிய மணியார்டர் அது. தபால் நிலையமே இல்லை என்றால் பணம் யாருக்குப் போகும்?

தண்ணீருக்குள் ஊர் தெரியுமா? அணைக்குள் மூழ்கிய கோயில்கள் தெரிகிறதே?

சேலத்துக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டார். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தபோது நீர்த்தேக்கத்துக்குள் ஊர்கள் போயின. முழு அளவு 120 அடி. வறட்சியில் நீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். பவானிசாகரிலும் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே வரும்.

தனுஷ்கோடி அந்த வகையில் சேராது. அணையில் மூழ்கியவர்களுக்கு நாள் குறித்துச் சொன்னார்கள். வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போக முடிந்தது, சாமியை எழுந்தருளச் செய்து வேறு இடத்தில் வைக்க முடிந்தது. தன் ஊர் எதற்காகப் போனது என்று கேட்டால் கைநீட்டிக் காட்ட வயல் இருக்கிறது. அது நியாயமா என்பது வேறு வழக்கு. எங்களுக்குக் கைநீட்டிக் காட்ட எதுவும் இல்லை. அதனால்தான் எங்கள் ஆட்கள் கடல்மீது கோபப்பட்டு நான் பார்த்ததில்லை; மறுநாள் அதே கடலுக்குள்தானே போக வேண்டும்?

நீங்கள் இன்று பார்க்கும் இடிபாடுகள் கரையில் மிஞ்சியவை. கடல் தின்ற பகுதி வேறு. புயலுக்கு முன்பே, 1948–49இல், மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்பகுதி நிலம் கிட்டத்தட்ட 5 மீட்டர் அமிழ்ந்தது என்பது புவியியல் ஆய்வாளர்கள் கண்டது. ஆக, ஊர் ஏற்கெனவே ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியபோது மூழ்கிய பகுதி கொஞ்ச நேரம் வெளியே தெரிந்தது என்று செய்தி வந்தது. புயலுக்குச் சரியாக 40 ஆண்டு. ஓடிப்போய்ப் பார்க்காமல் மேட்டுக்கு ஓடியவர்கள்தான் புத்திசாலிகள்.

இந்தக் கரையில் கடல் கொண்டது தனுஷ்கோடி மட்டும்தானா?

மனிதர் வாழ்ந்த ஊரில் பெரியது அதுதான். மன்னார் வளைகுடாத் தீவுகளில் இரண்டு போய்விட்டன. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி. அவற்றை மூழ்கடித்ததில் புயலைவிட மனிதர் கை பெரிது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்துநின்ற வேலி போனதும் தீவு கரைந்தது. கடல்சார் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவித்தபோது கணக்கு 21 தீவு. பாடப்புத்தகம் இன்னும் 21 என்கிறது.

தனுஷ்கோடித் தேவாலயச் சுவரைத் தடவிப் பாருங்கள். தேன்கூடு போல் துளைதுளையாக இருக்கும். முருகைக்கல், அதாவது பவளப்பாறை. அதுவும் கடலிலிருந்து வெட்டியதுதான்.

இப்போது அங்கே யாரும் இல்லையா? பேய் நகரம் என்கிறார்களே?

இந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் எனக்கு எரிச்சல் வரும். காலையில் போனால் குடிசை வாசலில் பிள்ளைகளுக்குத் தலைவாரிக்கொண்டிருப்பார்கள். கரைவலை இழுப்பார்கள். அங்குள்ள கம்பிப்பாடு என்ற மீனவர் குடியிருப்பில் குடும்பங்கள் இருக்கின்றன. புயல் முடிந்த பிறகு அரசு வேண்டாம் என்றாலும், மீன் இருக்கும் இடத்துக்கு மீனவர் திரும்பிவந்தார்கள். மின்கம்பமும் தார்ச்சாலையும் இல்லாத காலத்திலும் அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று ஆளில்லாத நகரம் என்று காணொளி எடுக்கிறவர்களை என்னவென்று சொல்வது?

வேறு ஆட்களும் வந்து இறங்கியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் இலங்கைத் தமிழர் படகில் வந்து கால்வைத்தது இந்தக் கரையில். 2022இல் அங்கே விலைவாசி கைமீறியபோதும் அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளில் குழந்தைகளோடு வந்து நின்றார்கள். பருவத்தில் பூநாரைகளும் வருகின்றன. அவற்றுக்காக 2025 ஜூனில் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

சுற்றிலும் உப்புத் தண்ணீர். குடிக்க என்ன செய்கிறார்கள்?

மணலைக் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். இரண்டு மூன்று அடிதான். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். அதனால் ஊற்றில் மெல்ல, சிரட்டையிலோ பனையோலைப் பட்டையிலோ மொண்டு எடுப்பார்கள். ஒரு குடம் நிறைய நேரமாகும். ஊர்க்கதை முழுவதும் அந்த நேரத்தில்தான் பேசி முடிப்பார்கள்.

போய்ப் பார்க்க வழி என்ன?

ராமேஸ்வரத்திலிருந்து பஸ் இருக்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017இல் திறந்தது. அதற்கு முன்பு மணலிலும் நீரிலும் குலுக்கிக்கொண்டு வேனில் போக வேண்டும், இடுப்பு கழன்றுவிடும். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். அரிச்சல்முனையில் குளிக்காதீர்கள், இரண்டு கடலும் சேரும் இடத்தில் இழுப்பு கண்ணுக்குத் தெரியாது. இடிபாட்டிலிருந்து கல் எடுத்துப் பையில் போடாதீர்கள். பொரித்த மீன் சாப்பிடுங்கள். அந்தக் காசு அங்கேயே இருப்பவர்களுக்குப் போகிறது.

ரயில் மறுபடி வருமா?

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் பாதை போட 2019 மார்ச் முதல் தேதி அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் வரவில்லை. வர வேண்டுமா என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. அம்மா வர வேண்டும் என்பார். நான் மணலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

என் குடும்பத்திலும் தனுஷ்கோடியில் இருந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் என்ன கேட்பது?

புயலைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். எத்தனையோ பேர் கேட்டாயிற்று. அந்தக் கதை சொல்லிச் சொல்லித் தேய்ந்து, எல்லார் வாயிலும் ஒரே மாதிரி வருகிறது. அன்று இரவுக்கு முந்தைய ஆண்டுகளைக் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் எதைத் தாண்டிப் போனீர்கள்? ஊற்று வீட்டுக்கு எந்தப் பக்கம்? யார் கடையில் கடன் சொல்லலாம்? தலைமன்னாரில் உறவு யார்? கப்பலில் வந்த சாமானில் ஊருக்குள் தங்கியது எது? அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் படம் போடுங்கள். வாயால் வராதது விரலால் வரும். "இல்லை, இல்லை, தபாலாபீஸ் அதற்கு இந்தப் பக்கம்" என்று தாளைப் பிடுங்குவார்கள்.

அம்மாவிடம் நான் கேட்ட ஒன்று: கப்பல் வருகிற நாளில் வீட்டில் என்ன சமையல்? பெரிதாக ஏதோ வரும் என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். "அன்றைக்கு நல்ல மீன் எல்லாம் விற்பனைக்குப் போய்விடும். உன் அம்மாச்சிக்குச் சமைக்க நேரமும் இருக்காது. கஞ்சிதான். தொட்டுக்கொள்ள உடைந்துபோன கருவாடு, விற்க முடியாதது" என்றார். பிறகு, உப்பு எப்போதும் தூக்கலாக இருக்கும் என்றும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.